கழுத்துக்கறி, கால்கறி, வால்: மலிவான மாட்டுக்கறியைக் குறைந்த தீயில் மெத்தென்று வேகவைக்க ஒரு முழு வழிகாட்டி

மாட்டுக்கறி வேகவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும். எந்த இடத்துக் கறி வாங்கினீர்கள்? எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தது? பெரும்பாலும் பார்க்க அழகாக இருக்கிறதே என்று தொடைக்கறியை வாங்கி, ஆட்டுக்கறிக்கு வைக்கிற அதே நாலு விசிலை வைத்து இறக்கியிருப்பார்கள். அப்புறம் பல்லில் மாட்டுகிற நாரைக் குறை சொல்லி என்ன பயன்?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துச் சமைத்தாலும் இதே கதைதான். அங்கே கறிக்கென்றே வளர்க்கிற மாடு, பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டியே வெட்டுக்குப் போய்விடும். நம் ஊர் நிலைமை வேறு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாது என்றோ, காயத்தாலும் நோயாலும் நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். ஆக, நம் கைக்கு வருவது பல வருஷம் ஏர் இழுத்த, வண்டி இழுத்த, பால் கறந்த உடம்பு. தசையைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் வயதாக ஆகக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து இறுகிக்கொண்டே போகும். 'இரண்டு மணி நேரம்' என்று வீடியோவில் சொன்னால் நம் கறிக்கு மூன்று, மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஈடாக, இளங்கன்றில் கிடைக்காத ஆழமான சுவை இந்தக் கிழட்டு மாட்டில் இருக்கிறது. நேரத்தை மட்டும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் என்ன கேட்பது

எந்தத் தசை அதிகம் உழைத்ததோ அதில்தான் ஜவ்வு அதிகம். கழுத்து, முன்னங்கால் சப்பை, நெஞ்சு, முழங்காலுக்குக் கீழே உள்ள கால் தசை, வால். கடைக்காரர்கள் மலிவாகத் தள்ளிவிட நினைப்பது இவற்றைத்தான். நமக்கு வேண்டியதும் இவைதான். அந்த வெள்ளை ஜவ்வுதான் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறி, குழம்புக்கு ஒரு பிசுபிசுப்பையும் கறிக்கு ஈரப்பதத்தையும் தருகிறது. ஜவ்வே இல்லாத தொடைக்கறியை மூன்று மணி நேரம் வேகவைத்தால் கரைவதற்கு ஒன்றும் இருக்காது. நார் நாராகக் காய்ந்த கறிதான் மிஞ்சும். ஈரலை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், அது ஐந்து நிமிஷச் சமையல்.

ஒரே ஒரு வகை வாங்குவதானால் என் ஓட்டு கால் தசைக்கு. குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் கண்ணாடி மாதிரி ஜவ்வுக் கோடுகள் ஓடும். வெந்த பிறகு அந்தக் கோடுகள்தான் வாயில் வழுக்கிக்கொண்டு போகும். அது கிடைக்காவிட்டால் கழுத்து. கடையில் பெயர் தெரியாவிட்டால் உங்கள் முழங்காலுக்குக் கீழே தொட்டுக் காட்டினாலே போதும், புரிந்துகொள்வார்கள்.

சொல்லும் முறையும் முக்கியம். "பாய், கால் தசையில ஒரு கிலோ போடுங்க. ஜவ்வைக் கழிக்க வேணாம். பிரியாணி பீஸ் வேணாம், இதைவிட ரெண்டு மடங்கு பெருசா இருக்கட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கத்தி பழக்கத்தில் ஓடி, எல்லாம் சின்னச் சின்னத் துண்டாகிவிடும். ஒரு கிலோ பச்சைக் கறி நன்றாக வெந்தபின் அறுநூறு, எழுநூறு கிராம்தான் நிற்கும், துண்டுகளும் அந்த அளவுக்குச் சுருங்கும். நாலைந்து சென்டிமீட்டர் துண்டு என்பது சரியான அளவு. கூடவே நல்லி எலும்பு இரண்டு துண்டு கேளுங்கள்.

எருமையா மாடா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கொழுப்பைப் பாருங்கள். எருமைக் கொழுப்பு சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். மாட்டுக் கொழுப்பில் லேசான மஞ்சள் ஓடும். எருமைக் கறி நிறத்திலும் கொஞ்சம் கருத்திருக்கும். சமைக்கிற முறையில் வித்தியாசம் இல்லை. எருமை பெரும்பாலும் இன்னும் அரை மணி நேரம் கேட்கும்.

வீட்டுக்கு வந்ததும்

காலையில் கடையில் தொங்குவது அன்று விடியலில் வெட்டிய கறி. வெட்டிய சில மணி நேரத்தில் தசைகள் விறைக்கத் தொடங்கும். அந்த விறைப்பு தானாகத் தளர மாட்டுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ பிடிக்கும். விறைப்பு வருவதற்கு முன்பே சட்டென்று உறையவைத்தால் தசைநார்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடும், பிறகு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அந்தக் கடினம் முழுசாகப் போகாது. அதனால் வாங்கி வந்த கையோடு ஃப்ரீசரில் திணிக்காதீர்கள். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், மூடிய பாத்திரத்தில், ஒரு நாள் இருக்கட்டும். இரண்டு நாள் வரை பரவாயில்லை. வெளியே சமையல் மேடையில் 'ஊறட்டும்' என்று விடுவது மட்டும் கூடவே கூடாது. நம் வெயிலுக்கு அது கெட்டுப்போகத்தான் ஊறும்.

மஞ்சள் போட்டு அலசுகிற பழக்கம் உள்ளவர்கள் அலசிக்கொள்ளுங்கள். எலும்பு வெட்டும்போது தெறித்த சின்னச் சில்லுகள் ஒட்டியிருக்கும், அதற்காகவாவது அலசுவது நல்லது. ஆனால் அலசிய தண்ணீரை முழுவதும் வடிய விடுங்கள். வடிந்த பிறகு ஒரு கிலோவுக்கு இரண்டரை டீஸ்பூன், அதாவது சுமார் 15 கிராம் தூள் உப்பைப் பிசறி, அப்படியே ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதலில் உப்புப் போட்டால் கறி கெட்டியாகும் என்று பல வீடுகளில் சொல்வார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள். ஒரு ராத்திரி உப்பில் கிடந்த கறி உள்வரை சுவை ஏறி, வேகும்போது ஈரத்தையும் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பப்பாளிக்காய் அரைத்துப் பூசலாமா என்று கேட்பார்கள். சுட்டுத் தின்னும் கறிக்குச் சரி. மூன்று மணி நேரம் வேகப்போகிற கறிக்குத் தேவையே இல்லை. பப்பாளியின் நொதி மேற்புறத்தைத்தான் தாக்கும், உள்ளே போகாது. சூடு ஏறும்போது அது இன்னும் வேகமாக வேலை செய்யும் என்பதால் வெளிப்பக்கம் கூழாகி, நடுப்பக்கம் பழையபடியே நிற்கும். சமையல் சோடா போட்டால் சோப்பு வாடை வரும். கொட்டாங்குச்சித் துண்டு போட்டால் சீக்கிரம் வேகும் என்ற நம்பிக்கையும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் போடுகிறவர்களோடு சண்டைக்கும் போக மாட்டேன்.

தேவையான பொருள்கள்

கால் தசை அல்லது கழுத்துக்கறி ஒரு கிலோ, நல்லி எலும்பு இரண்டு துண்டு, சின்ன வெங்காயம் கால் கிலோ, இஞ்சி 30 கிராம், பூண்டு 40 கிராம், தக்காளி இரண்டு, மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், மல்லித்தூள் மூன்று டேபிள்ஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், மிளகு ஒரு டேபிள்ஸ்பூன், சோம்பு ஒரு டேபிள்ஸ்பூன், பட்டை ஒரு விரல் நீளம், கிராம்பு மூன்று, கறிவேப்பிலை இரண்டு கொத்து, தேங்காய் எண்ணெய் நாலு டேபிள்ஸ்பூன். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி ஒரு கைப்பிடி வைத்துக்கொண்டால், நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வறுவல் வாசனை வரும்.

கிராம்பை மூன்றுக்கு மேல் போடாதீர்கள். அரை மணி நேரச் சமையலில் ஆறு கிராம்பு தெரியாது. மூன்று மணி நேரம் கொதித்தால் குழம்பு பல்வலி மருந்து மணக்கும்.

முதலில் சிவக்க வறுப்பது

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியைத் துணியாலோ டிஷ்யூ தாளாலோ ஒற்றி எடுங்கள். இதைச் சோம்பல்படாமல் செய்ய வேண்டும். கறி சிவந்து, வறுத்த மணம் வருவதற்குச் சட்டியின் சூடு 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். தண்ணீர் இருக்கிறவரை நூறைத் தாண்டாது. ஈரமான கறியை, அதுவும் ஒரு கிலோவையும் ஒரே நேரத்தில் கொட்டினால், அது தன் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும்.

அடிகனமான சட்டி, இரும்புச் சட்டி இருந்தால் இன்னும் நல்லது, அதில் எண்ணெயை நன்றாகக் காயவிடுங்கள். துண்டுகளை இடைவெளி விட்டு, மூன்று நாலு தவணையாக வையுங்கள். வைத்ததும் கிளறத் தொடங்காதீர்கள். முதலில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிஷத்தில் அடிப்பக்கம் செம்பழுப்பாகி, தானே விட்டுக்கொடுக்கும். அப்போதுதான் திருப்ப வேண்டும். எல்லாப் பக்கமும் சிவக்கத் தேவையில்லை, இரண்டு பக்கம் போதும்.

இப்படிச் சிவக்க வைத்தால் கறியின் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டில் சொன்னது இன்றும் சமையல் நிகழ்ச்சிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது தவறு. சிவந்த கறியிலிருந்தும் சாறு இறங்கத்தான் செய்யும். நாம் சிவக்க வைப்பது சுவைக்காக மட்டும்.

கறியைத் தனியே எடுத்துவிட்டு அதே சட்டியில் வெங்காயத்தைப் போடுங்கள். அடியில் பிடித்திருக்கும் பழுப்புப் பொருக்கை வெங்காயத்தின் ஈரமே இளக்கிவிடும், கரண்டியால் சுரண்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருக்கில்தான் பாதிச் சுவை இருக்கிறது. ஆனால் கருத்துப்போயிருந்தால் கசக்கும், அப்போது சட்டியைக் கழுவிவிட்டுத் தொடங்குவதே புத்திசாலித்தனம். வெங்காயம் பொன்னிறமானதும் இஞ்சி பூண்டு விழுது, பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை. பச்சை வாசனை போனதும் தீயைக் குறைத்து மிளகாய், மல்லி, மஞ்சள் தூள்கள். தூள் கருகாமல் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து வதக்குங்கள். தக்காளி குழைந்து எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததும் கறியையும் எலும்பையும் போட்டுப் புரட்டலாம். மிளகையும் சோம்பையும் வறுத்துப் பொடித்து, பாதியை இப்போது போடுங்கள். மீதிப் பாதி கடைசிக்கு. மூன்று மணி நேரக் கொதிப்பில் மிளகின் காரம் நிற்கும், வாசனை ஆவியோடு போய்விடும்.

தண்ணீரும் தீயும்

கறி முழுக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவது நம் பொதுவான வழக்கம். பாதி உயரம் வந்தால் போதும். கறியே நிறையத் தண்ணீர் விடும். மூடி இறுக்கமாக இருந்தால் ஆவி திரும்ப உள்ளேயே விழும். ஊற்றுவது வெந்நீராக இருக்கட்டும்.

ஒரு கொதி வந்ததும் சின்ன பர்னருக்கு மாற்றி, சிம்மில் வையுங்கள். மூடியைத் திறந்து பார்த்தால் குழம்பின் மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி வர வேண்டும். 85 முதல் 95 டிகிரி வரையிலான சூடு அது. தளதளவென்று கொதித்தால் தசைநார்கள் இறுகித் தண்ணீரைப் பிழிந்து தள்ளிவிடும், கொழுப்பும் குழம்பில் கலங்கிவிடும். சில அடுப்புகளில் சிம் என்பதே பெரிய தீயாக இருக்கும். அப்படியானால் பழைய இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து அதன்மேல் சட்டியை வையுங்கள். அடிப்பிடிக்கிற தொல்லையும் தீரும். மூடி தளர்வாக இருந்தால் கோதுமை மாவைப் பிசைந்து விளிம்பில் ஒட்டிவிடலாம். அடிக்கடி திறந்து பார்க்கிற கைகளுக்கும் அது ஒரு பூட்டு.

இப்போது எல்லோரும் தடுக்கி விழுகிற இடத்துக்கு வருவோம். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தால், போட்டபோது இருந்ததைவிடக் கெட்டியாக இருக்கும். வறண்டும் இருக்கும். 'இது வேகாது போல' என்று பலர் கைவிடுவதும், அவசரத்தில் தீயைக் கூட்டுவதும் இங்கேதான். உள்ளே நடப்பது என்னவென்றால், தசைப் புரதங்கள் எழுபது டிகிரிக்குள்ளாகவே சுருங்கி முடித்துவிட்டன. கொலாஜன் கரைவதோ அப்போதுதான் சூடு பிடிக்கிறது, அதுவும் நிதானமாக. சுருங்கல் முடிந்து கரைசல் முடியாத இடைவேளை அது. தீயைத் தொடாதீர்கள். அடிப்பிடிக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள்.

இரண்டரை மணி நேரத்துக்கு மேல்தான் மாற்றம் தெரியும். கடிகாரத்தைப் பார்க்காமல் கறியைக் கேளுங்கள். பெரிய துண்டில் முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால், எதிர்ப்பே இல்லாமல் நார் நாராகப் பிரிய வேண்டும். குத்தித் தூக்கும்போது கறி கரண்டியோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. ஜவ்வுக் கோடு வெள்ளையாக இருந்தால் வேகவில்லை, தேன் நிறத்தில் கண்ணாடியாகி விரலில் நசுங்கினால் வெந்துவிட்டது. எலும்போடு இருக்கிற துண்டில் எலும்பு தானாகக் கழன்று வரும். கால் தசைக்கு மூன்று முதல் நாலு மணி நேரம், கழுத்துக்கு மூன்று, வாலுக்கு நாலு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஒரே மாட்டின் இரண்டு கால்களே ஒரே நேரத்தில் வேகாது.

வெந்ததும் மீதி மிளகு, சோம்புப் பொடியைத் தூவி, தேங்காய்ப் பல்லை நெய்யிலோ எண்ணெயிலோ வறுத்துக் கொட்டி, மூடியைத் திறந்துவைத்துக் குழம்பைச் சுண்டவிடுங்கள். உப்பைக் கடைசியில்தான் சரிபார்க்க வேண்டும், சுண்டச் சுண்ட உப்பு ஏறும். உருளைக்கிழங்கு போடுவதானால் கடைசி நாற்பது நிமிஷத்தில் போடுங்கள். தக்காளிப் புளிப்பில் கிழங்கு வேக நேரமெடுக்கும். சிவப்பு ராஜ்மா சேர்க்கிற பழக்கம் இருந்தால், ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தனியாகக் குக்கரில் முழுக்க வேகவைத்த பிறகே சேர்க்க வேண்டும். அரைகுறையாக வெந்த ராஜ்மாவில் வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நச்சு இருக்கிறது. குறைந்த தீ அதை அழிக்காது.

கேஸ் தீர்ந்துவிடுமே?

நியாயமான கவலை. ஆட்டுக்கறியில் பாதி விலைகூட இல்லை என்று வாங்கிவிட்டு, மிச்சமான காசைச் சிலிண்டரில் எரித்தால் என்ன லாபம்? இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரு கிலோவுக்குப் பதில் இரண்டு கிலோவாகச் செய்வது. ஒரு கொதி வந்தபிறகு, சிம்மில் எரிகிற கேஸ் ஒரு கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று குக்கர். குக்கரைக் கேவலமாகப் பேசுகிற சமையல்காரர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. உள்ளே அழுத்தத்தில் சூடு 120 டிகிரி வரை போவதால் கொலாஜன் வேகமாகக் கரைகிறது. கறி கொஞ்சம் கூடுதலாகச் சாறு விடும், அவ்வளவுதான் குறை. விசிலை எண்ணாதீர்கள். தீ பெரிதாக இருந்தால் பத்து நிமிஷத்தில் எட்டு விசில் வரும், கறி வெந்திருக்காது. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, அங்கிருந்து நிமிஷத்தை எண்ணுங்கள். கால் தசைக்கு 35 முதல் 45 நிமிஷம். அடுப்பை அணைத்தபின் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் உள்ளே இருக்கிற கறியிலிருந்தும் நீர் கொதித்து வெளியேறி, நார் உலர்ந்துபோகும். தானாக அடங்கட்டும். அடங்கியபின் திறந்து, சிம்மில் இருபது நிமிஷம் மூடாமல் சுண்டவிட்டால் சட்டிச் சமையலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். வறுப்பதை மட்டும் குக்கரிலும் விட்டுவிடக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஓவனில் 150 டிகிரியில், மூடிய பாத்திரத்தில் வைக்கலாம். மின்சார ஸ்லோ குக்கர் இருந்தால் குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம். அதில் ஆவி வெளியே போகாது என்பதால் ஒரு டம்ளர் தண்ணீரே அதிகம். உறைந்த கறியை நேராக அதில் போடாதீர்கள். பாதுகாப்பான சூட்டுக்கு வருவதற்குள் கிருமிகள் பெருக நேரம் கிடைத்துவிடும்.

மறுநாள்

செய்த அன்றைக்கே சாப்பிடலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் இது மறுநாள் சமையல். ஆறும்போது கறி தான் விட்ட சாற்றில் கொஞ்சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், மசாலாவின் முனைகளும் மழுங்கி ஒன்றோடொன்று சேரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பார்த்தால் மேலே கொழுப்பு ஒரு தட்டாக உறைந்திருக்கும். அதன் கீழே குழம்பு அல்வா பதத்தில் ஆடும். அப்படி ஆடினால் ஜவ்வு ஒழுங்காகக் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணியாகவே இருந்தால் ஒன்று தண்ணீர் அதிகம், இல்லையென்றால் நேரம் போதவில்லை.

கொழுப்புத் தட்டைக் கரண்டியால் தூக்கி எடுத்து ஒரு பாட்டிலில் போட்டுவையுங்கள். மாட்டுக் கொழுப்பு முழுசாக உருக நம் உடல் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகச் சூடு வேண்டும், அதனால்தான் ஆறிய குழம்பு அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது. முக்கால்வாசியை எடுத்துவிட்டுக் கொதிக்கக் கொதிக்கப் பரிமாறினால் அந்தப் புகார் வராது. எடுத்த கொழுப்பில் அடுத்த முறை கறியைச் சிவக்க வைக்கலாம், உருளைக்கிழங்கு வறுக்கலாம்.

ஆறவைப்பதில் கவனம் தேவை. பெரிய சட்டியில் கெட்டிக் குழம்பு ராத்திரி முழுக்க மேடையில் கிடந்தால் நடுப்பக்கம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதிக்கிற சூட்டையும் தாங்கும் வித்துக்களாகத் தங்கிவிடுகிற கிருமிகளுக்கு அந்த வெதுவெதுப்புதான் வேண்டும். அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து, கீழே குளிர்ந்த தண்ணீர் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள். மூன்று நாள் தாங்கும். எடுத்தால் சாப்பிடுகிற அளவுக்கு மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். மொத்தச் சட்டியையும் தினம் சூடாக்கித் தினம் ஆற்றுவது வேண்டாம்.

தோசை, பரோட்டா, இடியாப்பம் எதற்கும் போகும். குமரிப் பக்கம் போல வேகவைத்து மசித்த மரச்சீனிக் கிழங்கோடு சாப்பிட்டுப் பாருங்கள், சோற்றுக்கு அப்புறம் திரும்ப மனசு வராது. நாலு துண்டு மட்டும் மிஞ்சினால் கையால் உதிர்த்து, இரும்புச் சட்டியில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, கறி ஓரம் மொறுமொறுக்கும் வரை புரட்டி, மேலே மிளகு தூவுங்கள். ஃப்ரீசருக்குப் போவதைக் குழம்போடு சேர்த்து, ஒரு வேளைக்கு ஒரு பை என்று தட்டையாகக் கட்டி, தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதம் வரை சுவை கெடாது. தேவைப்படும் நாளுக்கு முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜின் அடித்தட்டுக்கு இறக்கிவிட்டால் காலையில் இளகியிருக்கும்.